பெண்கள் வார்டுக்கு வந்த சாக்கு மூட்டை

ஓசூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த ஐம்பதுகளில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சேலை கட்டியது எதுவானாலும் என் தலையில்தான் வந்து விடியும். பிரசவத்துக்கு வருகிறவர்கள் மட்டுமில்லை. தேள் கொட்டியவள், மாடு முட்டியவள், வீட்டுச் சண்டையில் அரளி விதையை அரைத்துக் குடித்தவள், கிணற்றிலிருந்து கயிறு கட்டித் தூக்கப்பட்டவள், எல்லோரும் லேடி டாக்டர் பொறுப்பு. பெரிய டாக்டர் தங்கமான மனுஷர்தான். ஆனால் 'பொம்பளை' என்ற சொல் காதில் விழுந்ததும் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிடுவார். அது வெட்கமா, சோம்பலா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அந்த மூட்டையும் அப்படித்தான் என்னிடம் வந்தது. விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலை. ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கிய போலீஸ் ஏட்டு ஒருவர் வாசலில் நின்று சல்யூட் அடித்தார்.

"பொம்பள கேஸுங்க, டாக்டரம்மா. பெரிய டாக்டரு உங்களண்ட குடுக்கச் சொல்லிட்டாரு."

"சரி, உள்ளே வரச் சொல்லுங்க. நடக்க முடியுமா, ஸ்ட்ரெச்சர் வேணுமா?"

ஏட்டு தொண்டையைக் கனைத்தார். தோளில் கிடந்த சாக்கை இறக்கி என் மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே விறகு சரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் அத்தனை பேரும் எழுந்து மழையில் ஓடிவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்யா, பிள்ளைத்தாச்சிங்க உட்கார்ந்திருக்கிற இடத்திலயா இதைக் கொண்டுவந்து போடறது? மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?" என்று கத்தினேன். மனுஷர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "வெளிய வெச்சா நனையுமேன்னு பாத்தேங்க" என்றார். அதற்கு மேல் என்ன திட்டுவது?

விஷயத்தைக் கேட்டேன். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டை ஒட்டி ஒரு ராகிக் கொல்லை. யானைகள் இறங்கி ராகியை மேய்ந்துவிட்டுத் திரும்பும்போது ஓடைக்கரையை மிதித்துச் சரித்துவிட்டன. சரிந்த மண்ணில் எலும்புகள் வெளியே தெரிந்தன. கூடவே பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள். வளையல் கிடந்ததால் பெண், ரகசியமாகப் புதைத்திருந்ததால் கொலை என்று ஏட்டு தீர்மானித்துவிட்டார். பக்கத்துக் கிராமத்தில் ஒருத்தி புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு காணாமல் போய் வெகுநாளாகியிருந்தது. அந்தப் புருஷனைப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்தாகிவிட்டது.

"பொம்பளன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

மிச்சம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஸ்டேஷனில் மிச்சம் பார்க்கப்பட்ட ஆண்களுக்குக் கட்டுப் போடுவது பெரிய டாக்டரின் வேலை. அந்த முனகல் சுவரைத் தாண்டி என் வார்டு வரைக்கும் கேட்கும். அதனால் பார்க்காமல் எதையும் எழுத மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டு, மூட்டையைப் பிரசவ அறைக்குப் பின்னால் இருந்த தாழ்வாரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். எலும்புகளை மண் போகக் கழுவி வைக்கும்படி ஆயாவிடம் சொன்னேன்.

ஆயா என்றதும் வயதானவள் என்று நினைக்க வேண்டாம். என்னைவிடச் சின்னவள், முப்பதுகூட ஆகியிருக்காது. பிரசவ வார்டில் வேலை பார்த்ததால் ஊரே அவளை ஆயா என்றது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். வலியில் துடிக்கிறவள் எந்த மொழியில் கத்துகிறாளோ அந்த மொழியிலேயே அதட்டுவாள். அவள் போடுகிற அதட்டலுக்கே பாதிப் பிள்ளைகள் பயந்துபோய் வெளியே வந்துவிடும் என்று நான் கேலி செய்வதுண்டு.

எங்களுக்குள் இருந்த ஒரே தகராறு வளையல். இரண்டு கையிலும் சிவப்பும் ஊதாவுமாகக் கண்ணாடி வளையல்களை அடுக்கியிருப்பாள். பிரசவம் பார்க்கிற கையில் இதெல்லாம் ஆகாது, கழற்று, அழுக்கு தங்கும், உடைந்தால் குழந்தையைக் கீறும் என்று தலைபாடாக அடித்துக்கொள்வேன். "எங்க வூட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் இருக்கறாரு, நான் எதுக்குங்க கழட்டணும்?" என்று கேட்பாள். பிறகு வளையல்களை முழங்கை வரை மேலே தள்ளி, பேண்டேஜ் துணியைச் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டுக்கொள்வாள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் இந்தக் கூத்து நடக்கும்.

அந்த வீட்டுக்காரர் இருந்ததெல்லாம் அவள் பேச்சில்தான். மூங்கில் வெட்டுகிற கூலிகளோடு தேன்கனிக்கோட்டைக் காட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. முதலில் லாரிக்காரர்கள் மூலமாகச் சேதி வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. நடுவில் ஒரு மழைக்காலத்தில் கூலிகளின் குடிசைகளில் விஷக் காய்ச்சல் பரவிப் பல பேர் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். ஆயா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து, நாட்டுக் கட்டுப் போட்டதில் அவருக்குக் கால் கோணிக்கொண்டதாம். "நொண்டிக்கிட்டே நடந்தாலும் எல்லாருக்கும் முன்னால போய் நிப்பாரு. காய்ச்சலுக்கெல்லாம் அவரு மாட்ட மாட்டாருங்க" என்று சிரிப்பாள். தினமும் காலையில் தலை நிறையப் பூவும் நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமமுமாக வந்து நிற்பாள்.

அதில் பாசம் மட்டுமில்லை, பிழைப்பும் இருந்தது. அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவள் புருஷனை இழந்ததும், எந்தக் குடும்பமும் அவளைப் பச்சைக் குழந்தையைத் தொட விடவில்லை. நானும் எவ்வளவோ சத்தம் போட்டுப் பார்த்தேன். மாமியார்கள் பிரசவ அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள். அவளைத் துணி துவைக்கிற இடத்துக்கு மாற்றினோம். அங்கேயும் கொஞ்ச நாள்தான் இருந்தாள். பிறகு எங்கே போனாள் என்று தெரியாது. அவள் இடத்துக்குத்தான் இவள் வந்தாள். தனக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாது என்ற பயம் இவளுக்கு எப்போதும் இருந்தது.

புறநோயாளிகளை முடித்துவிட்டு நான் தாழ்வாரத்துக்குப் போனபோது எலும்புகளையெல்லாம் கழுவி, மெழுகுத் துணி விரித்த பெஞ்சின் மேல் பரப்பியிருந்தாள். பக்கத்தில் வெந்நீர் அண்டாவில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"பச்சத் தண்ணில கழுவ மனசு வரலீங்க. எந்த மகராசி பெத்த பொண்ணோ" என்றாள். வளையல் துண்டுகளைத் தனியாக ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தாள். தன் தலையிலிருந்த கனகாம்பரத்தில் கொஞ்சம் கிள்ளி மண்டையோட்டின் பக்கத்தில் வைத்திருந்தாள். அதோடு நிற்கவில்லை. மண்டையோட்டின் நெற்றியில் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

"என்ன இது?"

"சுமங்கலியாப் போயிருக்கறா இல்லீங்களா, பாவம். அடிச்சுக் கொன்னு மண்ணுல தள்ளினவன் பொட்டு வெச்சா அனுப்பியிருப்பான்? அதான் நான் வெச்சேன்."

"அடிப் பைத்தியமே, போலீஸ் கேஸ். முதல்ல அதைத் துடை" என்றேன். அவள் முந்தானையை நனைத்து மெதுவாகத் துடைத்தாள். பூவை மட்டும் எடுக்கவில்லை. நானும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன்.

மெட்ராஸில் மருத்துவம் படித்த காலத்தில் ஒரு முழு எலும்புக்கூட்டைப் பெட்டியில் போட்டு ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். எந்த எலும்பை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் இன்னது என்று சொல்ல வேண்டும். அதெல்லாம் மறந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். மண்டையோட்டைக் கையில் எடுத்தேன். சின்னதாக இருந்தது. புருவ மேடு அதிகம் இல்லை. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முனையும் அப்படி ஒன்றும் தடிமனில்லை. தாடை கிடைக்கவில்லை. இதை மட்டும் பார்த்தால் பெண் என்று சொல்லிவிடலாம். ஏட்டு சொன்னது சரிதானோ என்று எனக்கே தோன்றியது. ஆனால் தலையை வைத்து முடிவு சொன்ன மாணவர்களை எங்கள் பேராசிரியர் வகுப்பை விட்டே விரட்டுவார். பெண் மாதிரி மண்டை உள்ள ஆண்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், இடுப்பைப் பார்க்காமல் வாயைத் திறக்காதே என்பார்.

இடுப்பெலும்பில் இடது பாதி நொறுங்கிப் போயிருந்தது. வலது பாதி முழுசாக இருந்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு வளைவு உண்டு. பெண்ணுக்கு அது அகலமாக விரிந்திருக்கும். கட்டைவிரலை அதில் வைத்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைக்க இடம் இருக்கும். நான் வைத்துப் பார்த்தேன். விரல் அசையவில்லை. எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். அப்போதும் அசையவில்லை. முன்பக்கம் பார்த்தேன். இரண்டு பாதியும் சேருகிற இடத்துக்குக் கீழே பெண்ணுக்கு ஒரு வளைவு அகலமாகத் திறந்திருக்கும். பிள்ளையின் தலை அதற்குக் கீழே வழுக்கிக்கொண்டுதான் வெளியே வரும். தினமும் நான் கையை விட்டுப் பார்க்கிற வழி அது, எனக்குத் தெரியாதா? இருந்த பாதியை வைத்துப் பார்த்தாலே இது குறுகி, ஒடுங்கி இருந்தது. தொடை எலும்பின் உருண்டைத் தலையும் பெரியது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் சந்தேகம் வரலாம். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாகச் சொன்னபோது எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஏட்டைக் கூப்பிட்டேன்.

"இது ஆம்பிளை."

"என்னங்க டாக்டரம்மா, வளையலு போட்டுக்கிட்டு ஆம்பளையா?"

"வளையலுக்கு நான் ஜவாப்தாரி இல்லை. எலும்பு ஆம்பிளை எலும்பு. ஸ்டேஷன்ல உட்கார வெச்சிருக்கீங்களே, அவனை முதல்ல வீட்டுக்கு அனுப்புங்க."

அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. வேறு என்ன தெரிகிறது என்று கேட்டார். நான் ஒவ்வொரு எலும்பாகத் திருப்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். வயது இருபத்தைந்துக்கு மேல், நாற்பதுக்குள். நடுத்தர உயரம். வெட்டுக் காயம், அடிபட்ட விரிசல் ஒன்றும் இல்லை. வலது காலில், முழங்காலுக்குக் கீழே, வெகுகாலத்துக்கு முன்னால் ஏற்பட்ட முறிவு, கோணலாகக் கூடியிருக்கிறது.

"இந்த ஆள் நொண்டிக்கிட்டுத்தான் நடந்திருப்பான்" என்றேன்.

எனக்குப் பின்னால் அண்டாவில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த சத்தம் நின்றது.

"எந்தக் காலுங்க?" என்று ஆயா கேட்டாள்.

"வலது கால்."

"சரிங்க" என்றாள்.

அந்தச் 'சரிங்க'வைக் கேட்ட பிறகுதான் புளியமரம் எனக்கு ஞாபகம் வந்தது. அடக் கடவுளே என்று எனக்குள்ளே ஏதோ இடிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கையில் இருந்த எலும்பை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

அவளே வந்து அதை என் கையிலிருந்து வாங்கி, துணியால் ஈரம் போகத் துடைத்துப் பெஞ்சில் வைத்தாள். அந்தக் கோணலான இடத்தை விரலால் ஒரு தரம் தடவினாள். பிறகு ஏட்டைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

"வளையலுங்க எங்க கெடந்துச்சுங்க? கையெலும்புகிட்டயா?"

"இல்ல, நெஞ்செலும்புக்குள்ள. எல்லாம் ஒரே குமியலா."

"அப்ப அது போட்டுக்கிட்ட வளையலு இல்லீங்க. ஒடச்ச வளையலு. புருஷன் செத்துட்டா பொண்டாட்டி கைய அவன் நெஞ்சு மேல வெச்சு ஒடைப்பாங்க. ஒடச்சத அவங்கூடவே போட்டு மூடிடுவாங்க. எங்க ஆளுங்கள்லயும் இந்த வழக்கம் இருக்குதுங்க."

ஏட்டு தலையைச் சொறிந்தார். "அப்ப கொலை இல்லன்னு சொல்றியா?"

"கொன்னுபோட்டவ குந்திக்கிட்டு வளையலு ஒடைப்பாளாங்க? காய்ச்சலுல போயிருப்பான். தூக்கிக்கினு போக நாலு ஆளு இல்ல. பொண்டாட்டியே ஓடக்கரையில குழி தோண்டிப் பொதச்சிருக்கறா."

'பொண்டாட்டி' என்ற சொல்லை அவள் எப்படித்தான் சொன்னாளோ. ஏட்டுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? நீ இந்தப் பக்கத்து மனுஷிதானே, நொண்டி ஆள் ஒருத்தன் காணோம் என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறாயா என்று அவளிடமே கேட்டார்.

"இல்லீங்களே" என்றாள் ஆயா.

ஏட்டு என்னைப் பார்த்தார். ஆணா பெண்ணா, என்ன வயது, காயம் உண்டா என்பதுதான் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி. அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. எழுதிக் கொடுத்த சர்டிபிகேட்டிலும் அவ்வளவுதான் இருந்தது. மேல் அபிப்பிராயத்துக்காக எலும்புகளை மரப்பெட்டியில் அடைத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். ஆண்தான் என்று பதில் வந்தது, பெட்டி திரும்பி வரவில்லை. கேட்பாரில்லாத எலும்பை அங்கே என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் ஏதாவது ஒரு மருத்துவ மாணவி அந்த வளைவில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாளோ என்று நினைத்தால் சோறு இறங்காது. ஸ்டேஷனில் இருந்தவனை விட்டுவிட்டார்கள். அவன் பெண்டாட்டி என்ன ஆனாள் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

அன்று ஏட்டு எல்லாவற்றையும் மறுபடி சாக்கில் கட்டிக்கொண்டு போன பிறகு தாழ்வாரத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். வளையல் துண்டுகளை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கேஸுக்கு இனி உதவாது என்று தட்டிலேயே விட்டுவிட்டார். ஆயா தரையில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பச்ச வளையலு, பாத்தீங்களா? நான் பச்ச போடறதே இல்லீங்க. அவருக்குப் புடிக்காதுன்னு சொன்னாரு. கண்ணாலமான புதுசுல ஒரு தரம் போட்டதுக்கு, கழட்டுன்னு சண்ட போட்டாருங்க."

கத்துவதற்கு வருகிற வாய் இதற்கு வரவில்லை. அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் இங்க பூவும் பொட்டுமா வாசலப் பாத்துக்கினு கெடந்தேன். அங்க எவளோ ஒருத்தி எல்லாம் அறுத்துப்போட்டுட்டுப் போயிட்டாளே, டாக்டரம்மா." சொல்லிக்கொண்டே வந்தவளுக்குத் திடீரென்று நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது. "ஐயோ, நான் அவரு நெத்தியில பொட்டு வெச்சேனே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அழுதுகொண்டுதான் இருந்தாள். பக்கத்தில் பிரசவித்தவர்கள் படுத்திருந்ததால் சத்தம் வராமல் அழுதாள். நானும் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் கைகளைப் பார்த்தாள். சிவப்பும் ஊதாவும்.

"ஒடைக்கணுங்களா?"

"அதை நான் சொல்ல முடியாது. ஆனா என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகாது."

"ஒரு ஆளுக்கு எத்தன பேருங்க ஒடைக்கறது? அவ ஒடச்சாளே, போதும்" என்றாள். பிறகு, "தனியாச் சாகல. அந்த மட்டுக்கும் சரி" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்ப் பின்பக்கத்து முருங்கை மரத்தடியில் மண்ணைக் கிளறி அந்தத் துண்டுகளைப் போட்டு மூடிவிட்டு வந்தாள்.

அன்று மத்தியானமே உத்தனப்பள்ளியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஒரு தலைப்பிரசவம் வந்தது. பெண்ணுக்குப் பனிக்குடம் உடைந்திருந்தது. கூட வந்த மாமியார் வாசலிலேயே நின்று, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். ஆயாவின் குங்குமத்தையும் கையையும் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"மகராசியா இருக்கற. உன் கையாலயே எம்பேரப்புள்ளய வாங்கும்மா."

ஆயா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே வந்து வழக்கம்போலப் பேண்டேஜ் துணியை எடுத்து, முனையைப் பல்லில் கடித்தாள். முடிச்சு விழவில்லை. துணி நழுவிக்கொண்டே இருந்தது. வளையல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மேஜை மேல் அந்தப் பெண் வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள்.

நான் துணியை அவள் கையிலிருந்து வாங்கினேன். எத்தனையோ நாள் கழற்று, கழற்று என்று நான் அடித்துக்கொண்ட அந்த வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளினேன். ஒன்றுகூட உடைந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துத் தள்ளினேன். வழக்கத்தைவிட இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றி, அவிழாதபடி நானே முடிச்சுப் போட்டேன்.

"போ, அவளைப் பிடி" என்றேன்.